முதல்ல முட்டி... அப்புறம்தான் மைலேஜ்!



போன வாரம் ஃபைனல் இயர் படிக்கிற தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். ''அண்ணா, கேம்பஸ்ல வேலை கிடைச்சிடுச்சு. வீடு சேலம், வேலை கோயம்புத்தூர். வாராவாரம் வந்து போகணும். அப்பா பாதி பணம் போடுறேன்னு சொல்லிட்டார். மீதிக்கு லோன். பிக்கப் சும்மா பறக்கணும், மைலேஜும் அள்ளணும். ஒரே ஒரு சின்ன சிக்கல்... நான் 6 அடி 2 அங்குலம். எந்த கார் வாங்கலாம்?''

தம்பி, நீங்க கடைசியா போனாப் போகுதுன்னு எழுதியிருக்கீங்களே ஒரு சின்ன சிக்கல், அதுதான் மெயின் மேட்டரே. பிக்கப்பும் மைலேஜும் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கணும்!

உயரமானவர்கள் படும் பாடு மற்றவர்களுக்குப் புரியாது. டவுன் பஸ்ஸில் தலை குனிந்தே பயணம். ஹாஸ்டல் கட்டிலில் பாதம் ரெண்டும் வெளிநடப்பு. குரூப் போட்டோவில் எப்பவும் கடைசி வரிசை. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். கார் அப்படி இல்லை. ஏன் என்று என் ரூம்மேட் கதையைக் கேளுங்கள்.

அவன் 6 அடி 3 அங்குலம். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் கார். பேப்பரில் விளம்பரம் பார்த்தான், மைலேஜ் பார்த்தான், கலர் பார்த்தான், புக் பண்ணிட்டான். டெஸ்ட் டிரைவ்? தெருமுனை வரை போய் யூ-டர்ன் அடிச்சதோட சரி. கார் பெயர் வேண்டாம். அது நல்ல கார்தான். அவனுக்குத்தான் அது சட்டை பத்தாத மாதிரி ஆகிவிட்டது. சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியும், வலது முட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றது. ''பழகிடும் மச்சி''ன்னான்.

ஒருநாள் பெருந்துறை பக்கம் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டுபோனான். தொடை ஸ்டீயரிங்கின் அடியில் மாட்டியது. உருவி எடுத்து மிதிப்பதற்குள் அரை செகண்ட் போயிருக்கும். 80 கி.மீ. வேகத்தில் அரை செகண்ட் என்றால் 11 மீட்டர். ஏறக்குறைய மூணு கார் நீளம்! லாரியின் பின்னால் லேசாக இடித்து ஒரு ஹெட்லைட்டோடு போனது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி போனில் அவன் குரல் நடுங்கியது இன்னும் காதில் இருக்கு. எட்டாவது மாசம் காரை நஷ்டத்துக்கு விற்றான். கார் போயிடுச்சு, லோன் மட்டும் ரெண்டு வருஷம் கூடவே வந்தது!

சரி, இது நம்ம ஊர் பிரச்னை மட்டும்தானா? இல்லை பாஸ். ஃபார்முலா ஒன் வரைக்கும் இதே கதைதான். 1992 உலக சாம்பியன் நைஜல் மான்செல் 1995-ல் மெக்லாரன் டீமுக்கு வந்தார். காக்பிட் அவர் உடம்புக்கு இறுக்கிப் பிடித்தது. முதல் ரெண்டு ரேஸ்களில் அவரால் ஓட்டவே முடியவில்லை. டீம் காக்பிட்டை அகலமாக்கிக் கொடுத்தது. அப்புறம் ரெண்டே ரேஸ் ஓட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜஸ்டின் வில்சன் கதை இன்னும் நம்ம தம்பிக்கு நெருக்கம். 6 அடி 4 அங்குலம். 2002-ல் மினார்டி டீமில் வாய்ப்பு வந்தும் காருக்குள் உடம்பு அடங்கவில்லை. 2003-ல் அவருக்கு ஏற்ற மாதிரி இடம் பண்ணிக் கொடுத்த பிறகுதான் ஓட்டினார். அவர்களுக்கு டீம் காரை மாற்றிக் கொடுத்தது. நமக்கு ஷோரூமில் ஃப்ளோர் மேட்தான் ஃப்ரீயாகக் கொடுப்பார்கள். அதனால் காரை நாம்தான் அளந்து வாங்கணும்.

சின்ன காருக்குள் பெரிய ஆள்

நம்ம ஊர் சின்ன கார்கள் ஏன் இப்படி இருக்கின்றன? வரி! நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.-க்குள் (டீசல் என்றால் 1,500 சி.சி.-க்குள்) இருந்தால் அது சின்ன கார், வரி கம்மி. 2006 பட்ஜெட்டில் ஆரம்பித்த சலுகை இது. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி.யில் சின்ன காருக்கு 18 சதவிகிதம், பெரிய காருக்கு 40 சதவிகிதம். நம்ம பட்ஜெட்டுக்கு வரும் கார் எல்லாமே பெரும்பாலும் இந்த 4 மீட்டர் பெட்டிக்குள்தான்.

நீளத்தில் கை வைக்க முடியாது என்றால் என்ன செய்வது? உயரத்தில் கை வை! 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவை ஞாபகம் இருக்கா? 'டால் பாய்' டிசைன் என்றார்கள். கூரை உசரம், நாற்காலியில் உட்காருவது மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். அடுத்த வருஷமே வேகன் ஆர் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் கீழ்நோக்கி மடங்கும், நீளத்தில் இடம் கம்மியாகப் பிடிக்கும். சிம்பிள் ஜியோமெட்ரி! அதனால் 'சின்ன கார்னா எனக்குப் பத்தாது' என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். வெளியே பெரிதாகத் தெரியும் சில எஸ்.யு.வி.களைவிட உள்ளே நல்ல இடம் கொடுக்கும் சின்ன கார்கள் உண்டு.

இன்னொரு விஷயம். 6 அடி 2 அங்குலம் என்று மொட்டையாகச் சொன்னால் பத்தாது. ஒரே உயரம் உள்ள ரெண்டு பேரில் ஒருத்தருக்குக் கால் நீளம், இன்னொருத்தருக்கு இடுப்புக்கு மேலே நீளம். முதல் ஆளுக்கு முட்டி இடிக்கும், ரெண்டாவது ஆளுக்குத் தலை இடிக்கும். சுவரில் சாய்ந்து தரையில் உட்காருங்கள். தரையிலிருந்து உச்சந்தலை வரை அளங்கள். அதே உயரமுள்ள நண்பனையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். 'என் ஃப்ரெண்டும் ஆறடிதான், அவனுக்கு இந்த கார் சூப்பரா இருக்கு' என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பத்து நிமிஷ பரீட்சை

ஷோரூமுக்குப் போறீங்க. தினமும் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்க. சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் டச் ஸ்கிரீனில் பாட்டு போட்டுக் காட்டுவார். நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பாருங்க.

ஒண்ணு, முட்டி. சீட்டை முழுசாகக் கீழே இறக்கி, பின்னால் தள்ளுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதிக்கும்போதும் இடது முட்டி லேசாக மடங்கியே இருக்கணும். அப்புறம் வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு வேகமாக இருபது தடவை மாற்றுங்கள். ஒரு தடவை எங்கேயாவது உரசினாலும் ஃபெயில்! ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் செய்யுங்கள். நேராக இருக்கும்போது தப்பிக்கும் முட்டி, திருப்பும்போது மாட்டும்.

ரெண்டு, தலை. உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவில் கை முஷ்டி நுழையணும். சன்ரூஃப் ஆசை இருக்கிறவர்கள் கவனம். அந்தக் கண்ணாடி உள்ளே போய் ஒளிந்துகொள்ள இடம் வேணுமே, அதை உங்கள் தலைக்கு மேலிருந்துதான் எடுப்பார்கள். சில சென்டிமீட்டர் போயிடும். சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சன்ரூஃப் வேரியன்ட்டை புக் பண்ணினால் ஆப்பு உங்களுக்குத்தான்.

மூணு, கை. முதுகை சீட்டில் ஒட்டி வைத்துக்கொண்டே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படணும். இங்கேதான் நிறைய உயரமானவர்கள் மாட்டுவார்கள். காலுக்காக சீட்டைப் பின்னால் தள்ளினால் கைக்கு ஸ்டீயரிங் எட்டாது. கைக்காக முன்னால் வந்தால் முட்டி இடிக்கும். இதுக்கு மருந்து, ஸ்டீயரிங்கை நம்மை நோக்கி இழுக்கும் டெலஸ்கோப்பிக் வசதி. நிறைய சின்ன கார்களில் மேலும் கீழும் அசையும் டில்ட் மட்டும்தான். பலேனோ, ஐ20 மாதிரி கார்களில் டெலஸ்கோப்பிக்கும் வருகிறது. ஆனால் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். கேட்டு, இழுத்துப் பார்த்து உறுதி பண்ணுங்கள். ஆயிரம் வாட்ஸ் ஸ்பீக்கரைவிட இது முக்கியம்.

நாலு, கழுத்து. ஹெட்ரெஸ்ட்டை மேலே தூக்குங்கள். அதன் உச்சி உங்கள் தலையின் உச்சிக்குப் பக்கத்தில் வரணும். கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னால் ஒருத்தன் வந்து இடிக்கும்போது தலை அதற்கு மேலே சாய்ந்து கழுத்து ஒடியும் அபாயம். தலை ஒட்டிய மாதிரி வரும் சீட்டில் தூக்கவே முடியாது, அங்கே இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அஞ்சு, கண்ணு. சிக்னலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு மேலே பாருங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பு சிக்னல் லைட்டை மறைக்குதா? நடுக்கண்ணாடி இடது பக்கத் தெருவை மறைக்குதா? குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் ஆறு மாசத்தில் கழுத்து வலி கேரன்ட்டி.

தலை இடிக்குதுன்னு சீட்டை ஈஸி சேர் மாதிரி சாய்த்துக்கொண்டு ஓட்டுறவர்களைப் பார்த்திருப்பீங்க. பார்க்க கெத்து. ஆனால் பெல்ட் தோளில் படியாது. மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவிப் போகும். பெல்ட்டும் ஏர்பேக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தவரைக் காப்பாற்றத்தான் டிசைன் ஆனவை. கிராஷ் டெஸ்ட்டில் டிரைவர் சீட்டில் உட்காரும் பொம்மையின் உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ. அதாவது 5 அடி 9 அங்குலம். அந்த ஸ்டார் எல்லாம் அந்த ஆள் ஒழுங்காக உட்கார்ந்து வாங்கிய மார்க். நம்ம தம்பி அவரைவிட 13 செ.மீ. உசரம். ஸ்டார் இருக்குன்னு நிம்மதியாகக் கோணலாக உட்கார முடியாது!

கடைசியாக, அரை மணி நேரமாவது ஓட்டாமல் வெளியே வராதீர்கள். முதல் பத்து நிமிஷம் எல்லா சீட்டும் சோபாதான். அப்புறம்தான் தொடைக்கு அடியில் சப்போர்ட் இல்லாதது தெரியும்.

பறக்கணும், குடிக்கக் கூடாது!

உடம்பு அடங்கிய கார்களை மட்டும் லிஸ்ட்டில் வைத்துக்கொண்டு இப்போது பிக்கப்புக்கு வருவோம். ''பிக்கப் வேணும்னா மைலேஜ் கிடைக்காது''ன்னு பெரியவங்க சொல்வாங்க. பாதிதான் உண்மை. எடை கம்மியான கார் ரெண்டையும் கொடுக்கும். குதிரைசக்தியை மட்டும் பார்க்காமல், அதை எடையால் வகுத்துப் பாருங்கள்.

2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டை எடுத்துக்கோங்க. மூணு சிலிண்டர் இன்ஜின், 82 பி.எஸ். பவர், எடை சுமார் 920 கிலோ. டன்னுக்கு 89 பி.எஸ். மேனுவலுக்கு டெஸ்ட் மைலேஜ் 24.8 கி.மீ. இப்போ அந்தப் பெட்டி மாதிரி இருக்கும் வேகன் ஆர் 1.2. 'அது அங்கிள் கார்ணா'ன்னு சொல்வீங்க. 90 பி.எஸ்., எடை சுமார் 850 கிலோ. டன்னுக்கு நூறைத் தாண்டுது! கூரை 1,675 மி.மீ. உசரம், ஸ்விஃப்ட்டைவிட 15 செ.மீ. அதிகம். உயரமான ஆளுக்கு, கம்மி விலையில், ஆளை ஏமாற்றும் பிக்கப். ஆனால் ஒண்ணு, 2023 குளோபல் என்கேப் டெஸ்ட்டில் அது வாங்கியது ஒரே ஒரு ஸ்டார். அதுக்கப்புறம் 2025-ல் ஆறு ஏர்பேக் வந்தது. ஸ்விஃப்ட்டின் இன்ஜினோடு வரும் புது டிசையர் 2024 நவம்பரில் அதே டெஸ்ட்டில் 5 ஸ்டார் வாங்கியது. வாராவாரம் ஹைவேயில் போகிறவர் இதையும் தராசில் வைக்கணும். தலைக்கு இடம் ஒரு தட்டில், தலை பத்திரம் இன்னொரு தட்டில். ரெண்டும் சமமாக நிற்கும் காரைத் தேடுவதுதான் வேலை.

டர்போ? 1 லிட்டர் டர்போ பெட்ரோலில் ஃப்ரான்க்ஸ் 100 பி.எஸ். கொடுக்குது. லாரியை ஓவர்டேக் பண்ணும்போது கியரைக் குறைக்காமலே இழுக்கும், சுகமோ சுகம். ஆனால் டர்போவின் மைலேஜ் உங்கள் வலது காலில் இருக்கு. மெதுவாக மிதித்தால் சைவம், அழுத்தினால் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும்.

எலெக்ட்ரிக் பக்கம் மனசு போகுதா? பிக்கப்பில் அதை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனால் பேட்டரியைத் தரைக்கு அடியில் வைப்பதால் சில கார்களில் தரை மேலே ஏறிவிடும். முட்டி உயர்ந்து, தொடை சீட்டில் படியாமல் குந்தி உட்காருகிற மாதிரி ஆகும். பின்சீட்டில் இது இன்னும் அதிகம். அதே முட்டி பரீட்சையை அங்கேயும் வையுங்கள்.

மைலேஜ் மாயை

விளம்பரத்தில் 24, 25 என்று போடுகிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. லேபில் ரோலர் மேல் காரை நிறுத்தி, சுமார் 20 நிமிஷம், அதிகபட்சம் 90 கி.மீ. வேகத்தில், காலங்காலமாக ஏ.சி. ஆஃப் பண்ணி ஓட்டி எடுத்த மார்க். மே மாசம் சேலத்தில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுவது? அதனால் அந்த நம்பரை ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, 2025-ல் நாடு முழுக்க 20 சதவிகித எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது. பழைய பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் இதனால் மைலேஜ் 6-7 சதவிகிதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியா என்று பாருங்கள். அதிலிருந்துதான் இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு கார்கள் வருகின்றன.

இன்னொரு ரகசியம், காற்று. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிடும். மைலேஜ் வேணும்னா 80-ல் போங்க. சங்ககிரி கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான்.

இப்போ கணக்குக்கு வாங்க. வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுறீங்க. ஒரு கார் 18 கொடுக்குது, இன்னொண்ணு 20. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால், மாசத்துக்கு வித்தியாசம் சுமார் 550 ரூபாய். அந்த 550-ஐ மிச்சம் பிடிக்க, உடம்பு பத்தாத காரில் ஏழு வருஷம் மடங்கி உட்காருவீங்களா? பிசியோதெரபிக்கு ரெண்டு தடவை போனாலே கணக்கு காலி! அதனால்தான் சொல்றேன், முதலில் முட்டி, அப்புறம் பிக்கப், கடைசியில் மைலேஜ்.

வாங்கினதுக்கு அப்புறம் கெடுத்துக்காதீங்க. தடிமனான சீட் கவர் போட்டால் தலைக்கு மேலே இருந்த இடம் போகும். சீட் ஓரத்தில் ஏர்பேக் இருந்தால் அதையும் மூடிடும். பஞ்சு மெத்தை மாதிரி ஃப்ளோர் மேட் கிளட்ச்சுக்குக் கீழே மாட்டும். ''ரெண்டு ஓட்டை போட்டு சீட்டைப் பின்னாடி தள்ளித் தர்றேன் சார்''னு ஒரு மெக்கானிக் சொன்னால், கும்பிடு போட்டு வந்துடுங்க. மோதும்போது உங்களையும் சீட்டையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த போல்ட்டுகள்தான்.

அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க

தம்பி, உங்க கடிதத்தின் கடைசி வரியை இப்பத்தான் மறுபடி படித்தேன். ''வார நாள்ல கார் வீட்ல நிக்கும், அப்பா ஓட்டுவார். அவர் 5 அடி 3 அங்குலம்.'' அடடா! ஒரே கார், ரெண்டு டிரைவர், நடுவில் 11 அங்குலம்.

அப்போ உங்களுக்கு வேண்டியது பெரிய கார் இல்லை, நிறைய அசையும் கார். சீட் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி கட்டாயம். உங்களுக்குக் கீழே போகணும், அப்பாவுக்கு மேலே வரணும். அப்பா உட்காரும்போது ஸ்டீயரிங் நடுவிலிருந்து அவர் நெஞ்சுக்கு 25 செ.மீ.யாவது இடைவெளி வேணும். இல்லாவிட்டால் ஏர்பேக் வெடித்து வரும் வேகமே அவரை அடிக்கும். தோளுக்கு மேலே பெல்ட் வரும் இடத்தையும் ஏற்றி இறக்க முடியுதா பாருங்கள். உங்களுக்குச் சரியான உயரம் அவர் கழுத்தை அறுக்கும்.

பாதி பணம் போடும் அப்பாக்கள் பொதுவாக ஷோரூமில் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். ''நீ பாத்தா சரிப்பா.'' விடாதீங்க. டிரைவர் சீட்டில் உட்கார வையுங்க, ஓட்டச் சொல்லுங்க. அப்புறம் உங்க பொசிஷனுக்கு சீட்டைத் தள்ளிட்டு, அவரை உங்களுக்குப் பின்னாடி உட்கார வையுங்க. அவர் முட்டி இடிக்குதான்னும் பாருங்க. கேட்டால் 'இல்லப்பா, வசதியா இருக்கு'ன்னுதான் சொல்வார். நம்பாதீங்க, திரும்பிப் பார்த்துடுங்க!

போகும்போது பாக்கெட்டில் ஒரு இன்ச் டேப் இருக்கட்டும். முட்டிக்கும் ஸ்டீயரிங்குக்கும், தலைக்கும் கூரைக்கும் நீங்க டேப் பிடிப்பதைப் பார்த்து ஷோரூமே சிரிக்கும்.

சிரிக்கட்டும் பாஸ். இ.எம்.ஐ. கட்டப்போறது அவங்க இல்லையே!